பவர் பிளேயில் கோல் விழவில்லையா? கோளாறைத் தேடும் வரிசை

கிரிக்கெட் பவர்பிளே என்று நினைத்து வந்தவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை: இங்கே பேசுவது ஐஸ் ஹாக்கி. எதிரணியில் ஒருவர் தப்பாட்டம் ஆடிவிட்டு 2 நிமிடம் பெனால்டி பெட்டியில் போய் உட்கார, கோல் காப்பாளர் (கோலி) தவிர நம் 5 பேர் அவர்களுடைய 4 பேரை எதிர்த்து ஆடும் நேரம்தான் பவர் பிளே. ஆள் கூடுதலாக இருந்தும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லிலேயே சராசரியாக ஐந்து வாய்ப்பில் ஒன்றுதான் கோலாகிறது.

நாலைந்து ஆட்டம் கோல் இல்லாமல் போனதும் பெரும்பாலான பயிற்சியாளர்கள் கை வைப்பது அமைப்பில். 1-3-1 ஆக (உச்சியில் ஒருவர், நடுவில் மூவர், கோல் முன்னால் ஒருவர்) நின்றவர்களை அம்பிரெல்லாவுக்கு (மேலே மூவர் குடை போல் விரிந்து, கீழே இருவர்) மாற்றுவார்கள், அதுவும் சரிவரவில்லை என்றால் ஆட்களை மாற்றுவார்கள். கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். பக் (ஆடும் ரப்பர் வட்டு) எதிரணிப் பகுதிக்குள் ஒழுங்காகப் போய்ச் சேராத அணிக்கு 1-3-1 ஆனால் என்ன, அம்பிரெல்லா ஆனால் என்ன? ஒரு பவர் பிளே நான்கு கட்டமாக நடக்கிறது: பக்கைக் கைப்பற்றி உள்ளே கொண்டுபோவது, ஐவரும் இடம் பிடிப்பது, ஷாட் அடிப்பது, அடித்தபின் மிஞ்சும் பக்கை மீட்பது. முதலில் எது அறுந்திருக்கிறதோ அதைத்தான் தைக்க வேண்டும். பின்னால் உள்ளதைத் தைத்துக்கொண்டிருந்தால் பயிற்சி நேரம்தான் போகும்.

முதலில், இது கோளாறுதானா என்று பாருங்கள்

10 ஆட்டம், ஆட்டத்துக்கு 3 பவர் பிளே, மொத்தம் 30 வாய்ப்பு. 20 சதவீத அணி என்றால் 6 கோல் வர வேண்டும். ஆனால் எந்தத் தப்பும் நடக்காமலேயே, வெறும் அதிர்ஷ்டத்தால் அது 4 ஆகவோ 8 ஆகவோ மாறலாம். 4 என்றால் 13 சதவீதம், ஊரே திட்டும். 8 என்றால் 27 சதவீதம், அதே பயிற்சியாளரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆட்டம் ஒன்றுதான்.

2011 இல் பாஸ்டன் புரூயின்ஸ் பிளேஆஃப் முழுவதிலும் 88 வாய்ப்பில் 10 கோல்தான் போட்டது, 11.4 சதவீதம். ஆனாலும் என்ஹெச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பை அவர்களுக்குத்தான். 2022-23 இல் எட்மண்டன் ஆயிலர்ஸ் 32.4 சதவீதத்துடன், 1977-78 மான்ட்ரியல் கனேடியன்ஸின் 31.9 ஐத் தாண்டிப் புதிய சாதனை படைத்தது. அந்த ஆண்டு பிளேஆஃபில் இரண்டாம் சுற்றோடு வீடு திரும்பியது. எனவே கோல் சதவீதத்தை மட்டும் பார்த்து மருந்து எழுதாதீர்கள்.

ஸ்கோர்ஷீட்டை மூடிவிட்டு ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள். பக்கை உள்ளே கொண்டுபோக எத்தனை முயற்சி, அதில் எத்தனை நிலைத்தது; பகுதிக்குள் பக் நம் கையில் எத்தனை விநாடி இருந்தது; எத்தனை ஷாட், அதில் கோலிக்குப் போனது, தடுக்கப்பட்டது, வெளியே போனது எத்தனை; ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னும் பக் யாரிடம் போனது. கேலரியின் உச்சியில் நின்று ஒரு பெற்றோர் போனில் எடுத்த வீடியோ போதும். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் யார் எங்கே நிற்கிறார் என்பதே தெரியாது.

உள்ளே போகும் முயற்சிகளில் பாதிகூட நிலைக்கவில்லை என்றால் அடுத்த இரண்டு பகுதிகளைப் படித்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அறிகுறி: முதல் ஃபேஸ்ஆஃபிலேயே பக் போய்விடுகிறது

பவர் பிளே பொதுவாக எதிரணிப் பகுதியில் ஒரு ஃபேஸ்ஆஃபுடன், அதாவது நடுவர் இரண்டு பேருக்கு நடுவில் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவதுடன், தொடங்கும். அதில் தோற்றால் எதிரணி பக்கை மறுமுனைக்கு அடித்து விரட்டும். ஆள் குறைவாக இருக்கும் அணிக்கு என்ஹெச்எல்லில் அது ஐஸிங் (பக்கைத் தன் பாதியிலிருந்து மறுமுனைவரை அடித்து விரட்டும் தப்பு) ஆகாது. அமெரிக்காவில் யுஎஸ்ஏ ஹாக்கி அமைப்பின் 14 வயதுக்கு உட்பட்ட பிரிவுகளில் ஆகும். உங்கள் லீக்கின் விதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பக் ஒருமுறை வெளியே போனால் திரும்ப எடுத்து, ஆட்களைச் சேர்த்து, உள்ளே வந்து நிற்க ஏறத்தாழ 20 விநாடி. மூன்று முறை போனால் 120 விநாடியில் பாதி காலி.

இரண்டு இடத்தில் திருத்தலாம். ஒன்று, எந்தப் புள்ளியில் ஃபேஸ்ஆஃப் என்பது. 2019-20 முதல் என்ஹெச்எல்லில் பவர் பிளே தொடங்கும் ஃபேஸ்ஆஃபுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தாக்கும் அணியே தேர்வு செய்யலாம். பேக்ஹேண்டில் (பிளேடின் பின்பக்கத்தால்) இழுப்பதுதான் ஃபேஸ்ஆஃப் எடுக்கும் சென்டர்களில் பெரும்பாலானோரின் பலம் என்பதால், இடது ஷாட் (பிளேடை உடலின் இடப்பக்கம் பிடிக்கும்) சென்டருக்கு இடப்பக்கப் புள்ளி, வலது ஷாட்டுக்கு வலப்பக்கம். தேர்வு செய்யும் உரிமை இல்லாத லீக்கில் புள்ளியை மாற்ற முடியாது, சென்டரை மாற்றலாம்.

இரண்டாவது இன்னும் முக்கியம். பல ஃபேஸ்ஆஃபுகளில் யாரும் சுத்தமாக ஜெயிப்பதில்லை, பக் காலடியில் கிடக்கும். அங்கே நம் மூன்று பேர் பாய வேண்டும். அவர்களால் இரண்டு பேரைத்தான் அனுப்ப முடியும். வட்டத்தின் கோட்டில் நிற்கும் விங்கர்கள் (பக்கவாட்டு ஃபார்வர்டுகள்) பக் விழுந்ததும் அரை விநாடி வேடிக்கை பார்க்கிறார்களா என்று வீடியோவில் பாருங்கள். பார்த்தால் சென்டரைத் திட்டிப் பயனில்லை.

அறிகுறி: புளூ லைனைத் தாண்ட முடியவில்லை

ரிங்கின் நடுப்பகுதியையும் இரு அணிகளின் பகுதிகளையும் பிரிக்கும் நீலக் கோடுகள்தான் புளூ லைன். சிறுவர் லீக் முதல் தொழில்முறை வரை மிக அதிகமான பவர் பிளேக்கள் செத்துப்போவது இங்கேதான். ஷாட்டைப் போல இது கண்ணில் படுவதில்லை, அதனால் யாரும் இதைப் பயிற்சி செய்வதும் இல்லை.

இன்று பரவலாக ஆடுவது டிராப் பாஸ் முறை. ஒருவர் பக்கோடு தன் பகுதியிலிருந்து வேகமாக மேலே வருவார். எதிரணியின் நால்வரும் அவரைப் பார்த்தபடி பின்னால் சறுக்குவார்கள். நடுப்பகுதிக்கு வந்ததும் அவர் பக்கைப் பின்னால் தட்டிவிட, பின்னாலேயே முழு வேகத்தில் வரும் இன்னொருவர் அதை வாங்கி, புளூ லைனில் கிட்டத்தட்ட நின்றுவிட்ட எதிராளிகளைத் தாண்டிப் போவார். காகிதத்தில் அருமையாக இருக்கும். ஐஸில் உடைவது நான்கு விதமாக.

பின்னால் வருபவர் நின்றுகொண்டு வாங்குகிறார். இதுதான் முதல் குற்றவாளி. பக் அவரிடம் வரும்போது அவர் காலில் வேகம் இல்லை என்றால், பின்னால் தட்டியதால் 25 அடியை இழந்ததுதான் மிச்சம். அவர் முதலாமவருக்கு மிக அருகில் இருப்பதால்தான் வேகத்தைக் குறைக்கிறார். கோல் வலைக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாமதமாகக் கிளம்பச் சொல்லுங்கள், தானாகச் சரியாகும்.

டிராப் சீக்கிரமே நடக்கிறது. தன் புளூ லைனுக்கு முன்னாலேயே தட்டிவிட்டால், எதிராளிகளுக்குத் திரும்பி நின்று வரிசை கட்ட நேரம் கிடைத்துவிடும். பக் வைத்திருப்பவர் அவர்களுடைய முதல் ஆளைத் தன்னை நோக்கி இழுத்த பிறகே தட்ட வேண்டும். தட்டியதும் அவர் நிற்கவும் கூடாது, அதே பாதையில் தொடர்ந்து ஓடி அந்த ஆளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

முன்னால் உள்ள மூவரும் எதிரணி புளூ லைனில் தூண் மாதிரி நிற்கிறார்கள். பக்குக்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் ஆஃப்சைடு ஆகிவிடும் என்ற பயம். இரண்டு விங்கர்களும் சுவரை ஒட்டி, கோட்டுக்கு இணையாகப் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஸ்டிக் ஐஸில், முகம் பக்கை நோக்கி. அப்போதுதான் உள்ளே வருபவருக்குச் சுவர் ஓரமாக ஒரு சின்ன பாஸ் கொடுக்க வழி இருக்கும்.

நாலாவது, எப்போதும் டிராப். மூன்று முறை பார்த்த எதிரணி ஃபார்வர்டு நாலாவது முறை முதலாமவரை விட்டுவிட்டு நேரே அந்தப் பின்பாஸுக்குக் குறி வைப்பார். பக் அவர் ஸ்டிக்கில் பட்டால் எதிரே நம் கோலி மட்டும்தான். இதற்கு ஒரே மருந்து, முதலாமவர் தட்டுவது போல் தோளை அசைத்துவிட்டுத் தானே பக்கோடு போய்விடுவது. ஆட்டத்தில் ஒருமுறையாவது, முடிந்தால் முதல் பவர் பிளேயிலேயே செய்து காட்டிவிடுங்கள்.

எதிரணி மூன்று பேரைப் புளூ லைனிலேயே நிறுத்தி வைத்தால் பக்கோடு உள்ளே போக அடம்பிடிக்க வேண்டாம். மூலைக்குத் தட்டிவிட்டுத் துரத்துவது பழைய வழிதான், கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் சுவரோடு சுற்றிவர ஓங்கி அடிக்காதீர்கள், கோலி வெளியே வந்து நிறுத்திவிடுவார். என்ஹெச்எல் ரிங்கில் கோல் கோட்டுக்குப் பின்னால் ட்ரெபிசாய்டு (சரிவக) வடிவக் கோடுகளுக்கு வெளியே கோலி பக்கைத் தொடக்கூடாது. 2005-06 முதல் உள்ள விதி. ஆகவே பக் அந்தக் கோடுகளுக்கு வெளியே, மூலையில் மெதுவாகச் செத்து நிற்க வேண்டும், நம் இரண்டு பேர் முழு வேகத்தில் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் துரத்தினால், பக்கை வெளியே விரட்ட அவர்களுக்கு நாமே இலவசமாக வழி விட்டதாகிவிடும்.

உள்ளே வந்ததும் அடுத்த தப்பு அவசர ஷாட். எதிரே ஆள் குறைவாக இருந்து நேரே கோலுக்கு வழி இருந்தால் போகட்டும். இல்லாவிட்டால் பக் வைத்திருப்பவர் ஹாஃப் வாலில், அதாவது ஃபேஸ்ஆஃப் வட்டத்துக்கு நேரே உள்ள சுவர் ஓரத்தில், முதுகால் பக்கை மறைத்தபடி திரும்பி மூன்று விநாடி தாங்க வேண்டும். மற்ற நால்வரும் இடம் பிடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அறிகுறி: பக் நம்மிடமே சுற்றுகிறது, ஷாட் மட்டும் வருவதில்லை

பார்க்க அழகாக இருக்கும் நோய். கைத்தட்டல்கூட வரும். எதிரணி நால்வரும் நடுவில் நெருக்கமாக நின்றுகொண்டு, நீங்கள் வெளியே சுற்றுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான், கடிகாரம் ஓடுகிறதே.

1-3-1 இல் யார் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். உச்சியில் புளூ லைன் பக்கம் குவார்ட்டர்பேக், பெரும்பாலும் டிஃபென்ஸ்மேன். இரண்டு வட்டங்களின் பக்கம் இரண்டு ஃபிளாங்க். நடுவில், கோலுக்கு நேரே உள்ள ஸ்லாட்டில் பம்பர். கோலியின் முன்னால் நெட் ஃப்ரண்ட்.

பக் சுற்றியும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் முதலில் கால்களைப் பாருங்கள். ஐந்து பேரும் நின்ற இடத்திலிருந்தே பாஸ் கொடுக்கிறார்கள் என்றால் எதிராளிகளும் நகரத் தேவையில்லை, ஸ்டிக்கை மட்டும் திருப்பினால் போதும். பக் வாங்கிய ஃபிளாங்க் இரண்டு எட்டு கோலை நோக்கி இறங்க வேண்டும். அவர் ஷாட் அடிப்பார் என்ற பயம் வந்தால்தான் பக்கத்தில் உள்ள எதிராளி தன் இடத்தை விட்டு வெளியே வருவார். வந்ததும் அவருக்குப் பின்னால் வழி திறக்கும். ஷாட் அடிக்காத ஃபிளாங்க்கைக் கண்டு யாரும் அசைய மாட்டார்கள், அதனால் பாஸ் மட்டுமே தெரிந்த ஒருவரை அங்கே நிறுத்தாதீர்கள்.

அடுத்து பம்பர். ஐவரில் ரொம்பவும் வீணாகும் ஆள் இவர்தான். நால்வரின் நடுவில் ஒரே புள்ளியில் நின்றால் எப்போதும் யாராவது ஒருவரின் ஸ்டிக் அவருக்கும் பக்குக்கும் குறுக்கே இருக்கும். பக் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கமாக இரண்டு மூன்று அடி நகர்ந்து, பாஸ் கொடுப்பவரின் ஸ்டிக் முனை தன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. தெரிந்தால் பாஸ் வரும். தெரியாவிட்டால் இன்னும் ஒரு அடி.

எதிரணியின் வடிவத்தையும் படிக்க வேண்டும். சதுரமாக நின்றால் நடுவில் பம்பருக்கு இடம் இருக்கும். டைமண்டாக நின்றால் உச்சியிலும் ஃபிளாங்க்குகளிலும் நெருக்கம், கீழே கோலுக்குப் பக்கத்தில் மூச்சு விட இடம். கீழே மூவர் முக்கோணமாக நின்று மேலே ஒருவர் மட்டும் துரத்தினால், அந்த ஒருவரைக் களைக்க வையுங்கள்: ஃபிளாங்க்கிலிருந்து உச்சிக்கு, உச்சியிலிருந்து மறு ஃபிளாங்க்குக்கு, உடனே திரும்ப. மூன்றாவது பாஸில் அவர் ஒரு எட்டு பின்தங்குவார், அப்போதுதான் இறங்க வேண்டும்.

இன்னொரு வழி கோல் கோட்டின் ஓரம். பக்கைக் கீழே கொண்டுபோனால் நான்கு எதிராளிகளும் கோலியும் தலையைத் திருப்பியே ஆக வேண்டும். திரும்பிய தலைக்குப் பின்னால் பம்பர் நகர்ந்தால் யார் கண்ணிலும் பட மாட்டார்.

அறிகுறி: அடிக்கும் ஷாட்டெல்லாம் காலில் பட்டுத் திரும்புகிறது

குவார்ட்டர்பேக் நின்ற இடத்திலிருந்து ஸ்டிக்கைப் பின்னால் ஓங்கும் ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு ஒரு முழு விநாடி கிடைக்கிறது. அதற்குள் அவர் ஷின் பேடை வழியில் வைத்துவிடுவார். புளூ லைனிலிருந்து கோல் கோடு 64 அடி; அத்தனை தூரத்துக்கு ஓங்கி அடிப்பதால் பெரிய லாபமும் இல்லை.

எதிரே உள்ளவர் இரண்டு ஸ்டிக் நீளத்துக்குள் இருந்தால் ஸ்லாப் ஷாட் (ஓங்கி அடிப்பது) கூடாது என்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளலாம். அப்போது குவார்ட்டர்பேக் கோட்டோடு பக்கவாட்டில் மூன்று நான்கு எட்டு சறுக்கி, எதிராளியின் கால்கள் ஒன்றையொன்று கடக்கும் கணத்தில், ஓங்காமல் மணிக்கட்டால் ரிஸ்ட் ஷாட் விட வேண்டும். குறி வலை இல்லை, நெட் ஃப்ரண்ட் ஆளின் ஸ்டிக் பிளேடு. முழங்கால் உயரத்துக்குக் கீழே, வலைக்கு ஒரு அடி வெளியே போனாலும் பரவாயில்லை, தட்டித் திருப்ப அவர் இருக்கிறார்.

அறிகுறி: ஷாட் கோலிக்குப் போகிறது, அவர் சாவகாசமாகப் பிடிக்கிறார்

அவர் பக்கைப் பார்க்கிறார், நகரத் தேவையும் இல்லை. இந்த இரண்டையும் கெடுக்க வேண்டும்.

இரண்டு வலைகளின் நடுவையும் இணைத்து ரிங்கின் நீளவாக்கில் ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். ஷாட்டுக்கு முன் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பாஸ் போயிருந்தால் கோலி இடமிருந்து வலமாக முழு உடலையும் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும், கோல் வாய்ப்பு பல மடங்கு கூடும். முன்னாள் என்ஹெச்எல் கோலி ஸ்டீவ் வாலிகெட் இதை ராயல் ரோடு என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கினார். வாஷிங்டன் கேபிடல்ஸின் அலெக்ஸ் ஒவெச்கின் வருடக்கணக்காக இடப்பக்க வட்டத்தில் நின்று கோல் போட்டதன் ரகசியம் இதில் பாதி. 2025 ஏப்ரல் 6 அன்று வெயின் கிரெட்ஸ்கியின் 894 கோல் என்ற என்ஹெச்எல் சாதனையைத் தாண்டிய அவருடைய 895 ஆவது கோலும் பவர் பிளேயில், அந்த இடப்பக்கத்திலிருந்தே வந்தது. அவர் அங்கேதான் நிற்பார் என்று உலகத்துக்கே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாததற்குக் காரணம், அவரையே கவனித்தால் பம்பர் தனியாக நிற்பார்.

நெட் ஃப்ரண்ட் ஆள் நிற்கும் இடமும் பலருக்குத் தப்பு. கோலியோடு ஒட்டி, கிரீஸுக்குள் (வலைக்கு முன்னால் கோலிக்கென்று வரைந்த இடம்) குதிகால் போகும்படி நின்றால் ஒன்று தள்ளுமுள்ளுக்காகக் கோல் ரத்தாகும், அல்லது கோலி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிடுவார். கிரீஸ் கோட்டுக்கு வெளியே, முகம் பக்கை நோக்கி, ஸ்டிக் ஐஸில். பக் உச்சியில் இருந்தால் கோலியின் கண்ணுக்கும் பக்குக்கும் நேர்கோட்டில். பக் கீழே வந்தால் கம்பத்துக்குப் பக்கவாட்டில் விலகி, குத்தித் தள்ளத் தயாராக.

அறிகுறி: ஒன்-டைமர் தப்பித் தப்பிப் போகிறது

வரும் பாஸை நிறுத்தாமல் அப்படியே அடிப்பதுதான் ஒன்-டைமர். அடிப்பவரைத் திட்டும் முன் பாஸைப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு முறை தவறு அங்கேதான்.

வீடியோவை மெதுவாக ஓட்டினால் தெரியும்: பாஸ் கொடுப்பவர் பக்கை ஸ்டிக்கின் நுனியால் தட்டிவிடுகிறார். 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் உள்ள அந்த ரப்பர் வட்டு விளிம்பில் எழுந்து தள்ளாடிக்கொண்டே போகிறது. மறுபக்கம் நிற்பவர் எவ்வளவு பெரிய ஷாட்காரராக இருந்தாலும் தள்ளாடும் பக்கில் பிளேடு சரியாக விழாது. பிளேடின் குதிகாலில் (கைப்பிடியோடு சேரும் முனையில்) பக்கை வைத்து நுனி வரை உருட்டி விட்டால் அது தட்டையாகச் சுழன்று ஐஸை விட்டு எழாமல் போகும். வந்து சேர வேண்டிய இடம் அடிப்பவரின் இரண்டு பாதங்களின் நடுவிலிருந்து முன்பாதம் வரை, ஒரு அடி அகலம்தான். பின்பாதத்துக்குப் பின்னால் வந்தால் அவர் நிறுத்திவிட்டுத்தான் அடிக்க முடியும், அதற்குள் கோலி வந்து நிற்பார்.

நிற்கும் பக்கமும் சரியா என்று பாருங்கள். குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமல் அடிக்க வலது ஷாட்காரர் இடப்பக்கமும் இடது ஷாட்காரர் வலப்பக்கமும் நிற்க வேண்டும். எட்மண்டனின் லியோன் டிரைசைட்டல் இடது ஷாட், அதனால் வலப்பக்கம். 2022-23 இல் 32 பவர் பிளே கோல். ஒரே சீசனில் டிம் கெர் 1985-86 இல் போட்ட 34 என்ற சாதனை இன்னும் முறியவில்லை.

சிறுவர் அணிகளில் ஸ்டிக்கே கோளாறாக இருப்பதும் உண்டு. உடல் எடையை பவுண்டில் எடுத்துப் பாதியாக்கினால் வருவதுதான் தோராயமாக அவர்களுக்கான ஃபிளெக்ஸ், அதாவது ஸ்டிக்கின் விறைப்பு எண். 100 பவுண்டு பையனிடம் 70 ஃபிளெக்ஸ் ஸ்டிக் இருந்தால் அது வளையவே வளையாது. வளையாத ஸ்டிக்கில் வேகம் வராது. அண்ணனின் பழைய ஸ்டிக்கை வெட்டிக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம், வெட்ட வெட்ட விறைப்பு கூடும்.

பக்கின் குளிரும் கணக்கில் வரும். என்ஹெச்எல் ஆட்டத்துக்குப் பக்குகளை உறைய வைத்தே கொண்டுவருவார்கள், சூடான ரப்பர் துள்ளும். கார் டிக்கியில் கிடந்த வாளிப் பக்குகளை வைத்து ஒன்-டைமர் பயிற்சி செய்தால் பாதி நேரம் துள்ளலோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும். முந்தைய இரவு ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். பீரியட் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒன்று) கடைசியில் ஐஸ் கீறிப் பொடி சேர்ந்திருக்கும்போது நீளக் குறுக்குப் பாஸைக் குறைத்து, பம்பர் வழியாக இரண்டு சின்னப் பாஸாகக் கொடுப்பது மேல்.

அறிகுறி: ஒரு ஷாட், அதோடு பக் வெளியே

மீட்பு யார் வேலை என்று முன்கூட்டியே சொல்லி வைக்காத அணிகளில் இது வரும். ஷாட் போனதும் மூவர் பக்கை நோக்கி: நெட் ஃப்ரண்ட், பம்பர், பக் போகும் பக்கத்து ஃபிளாங்க். குவார்ட்டர்பேக்கும் மற்ற ஃபிளாங்க்கும் மேலே காவல். பக்கவாட்டிலிருந்து அடித்துத் தவறும் ஷாட் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூலைக்குப் போகும். அதனால் பம்பர் ஷாட்டைப் பார்த்து நிற்காமல், அடிக்கும் ஸ்டிக் கீழே இறங்கும்போதே எதிர்ப்பக்கம் சாய வேண்டும். மீட்டவுடன் சுவரோடு மேலே தள்ளிவிடுவது பழக்கதோஷம். எதிராளிகள் நால்வரும் கோலைப் பார்த்துத் திரும்பிக் குழம்பியிருக்கும் அந்த இரண்டு விநாடியில் ஸ்லாட்டுக்குக் கொடுங்கள்.

அறிகுறி: ஆள் கூடுதலாக இருக்கும்போதே கோல் வாங்குகிறோம்

இன்றைய பவர் பிளேயில் நான்கு ஃபார்வர்டு, ஒரே டிஃபென்ஸ்மேன். மேலே பக் போனால் துரத்த ஒருவர்தான் பின்னால். குவார்ட்டர்பேக்குக்கும் ஃபிளாங்க்குக்கும் நடுவில் எதிராளி நிற்கும்போது புளூ லைன் ஓரமாகக் குறுக்குப் பாஸ் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் சுவரோடு கீழே. எதிர்ப்பக்க ஃபிளாங்க்தான் இரண்டாவது காவல் என்பதை அவர் காதில் போட்டு வையுங்கள். ஃபார்வர்டு என்பதால் அவருக்கு அது தோன்றவே தோன்றாது.

அறிகுறி: கடைசி 40 விநாடி வெறுமனே போகிறது

முதல் யூனிட் (ஒன்றாக இறங்கும் ஐவர் குழு) 80 விநாடிக்கு மேல் நின்றால் கால் போய்விடும். நட்சத்திரங்கள் பெஞ்சுக்கு வர மாட்டார்கள், இது எல்லா ஊரிலும் உள்ள சண்டை. பக் வெளியே போனதும், நேரம் 60 ஐத் தாண்டியிருந்தால், மாறியே ஆக வேண்டும் என்று விதி போடுங்கள். இரண்டாம் யூனிட்டுக்கு 1-3-1 இன் நுணுக்கம் வேண்டாம். மூவர் ஒரே பக்கம் சேர்ந்து முக்கோணமாக ஆடும் ஓவர்லோடு போதும்.

இரண்டாம் பீரியடில் பக்கம் மாறுவதால் எதிரணி பெஞ்ச் அவர்கள் காக்கும் பகுதியிலிருந்து தூரத்தில் இருக்கும். பக்கை உள்ளேயே வைத்திருந்தால் அவர்களின் நால்வரும் மாற முடியாமல் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பீரியடில் சந்தேகமான ஷாட்டைவிட இன்னும் ஒரு பாஸ் லாபம்.

2 நிமிடப் பெனால்டி ஒரு கோலோடு முடிந்துவிடும். முன்பு அப்படி இல்லை. 1955 நவம்பரில் கனேடியன்ஸின் ஜான் பெலிவோ பாஸ்டனுக்கு எதிராக ஒரே பவர் பிளேயில் 44 விநாடிக்குள் மூன்று கோல் போட்டார். அந்த அணியின் பவர் பிளேதான் அடுத்த ஆண்டு விதியையே மாற்ற வைத்தது. கடும் தப்புக்கான 5 நிமிட மேஜர் பெனால்டி மட்டும் இன்றும் கோலுக்குப் பின்னும் தொடரும், அதனால் அங்கே யூனிட்டுகளை 60 விநாடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி இறக்குங்கள்.

பயிற்சியில் எப்படிச் சேர்ப்பது

வாரத்துக்கு 15 நிமிடம் இருந்தால் முதல் 6 நிமிடத்தை உள்ளே வருவதற்கே கொடுங்கள், முழு ஐஸில், எதிரே நால்வரோடு. அடுத்த 3 நிமிடம் அரை ஐஸில் எதிராளி இல்லாமல் பாஸ் வேகம். பிறகு எதிரே இருவர், கடைசி 4 நிமிடம் நால்வர். எதிராளிகளுக்கு ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லும் பழக்கம் பல இடங்களில் உண்டு. முதல் நாள் சரி. அதற்கு மேல் வேண்டாம், ஆட்டத்தில் இல்லாத இடைவெளிகளுக்குக் கண் பழகிவிடும். ஒவ்வொரு முறையும் ஷாட்டோடு விசில் ஊதாதீர்கள், பக் வெளியே போகும் வரை ஆட விடுங்கள். மீட்பு அங்கேதான் படியும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஆளையும் அமைப்பையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மாற்றியபின் 15 வாய்ப்பு வரை கோலை எண்ணாமல் அந்த நான்கு பத்தித் தாளை மட்டும் பாருங்கள். உள்ளே போவது 20 இல் 8 ஆக இருந்து 13 ஆகியிருந்தால், ஒரு கோலும் விழாவிட்டாலும், கை வைக்காதீர்கள். 8 இலேயே நின்றால் டிராப் வாங்கும் ஆளை மாற்றிப் பாருங்கள், அமைப்பை அப்போதும் தொட வேண்டாம்.